ஸஃப் ஏன் சாய்ந்திருக்கிறது? முற்றத்தில் கற்க வேண்டிய கோணங்கள்





சில ஆண்டுகளுக்கு முன் நம் மக்தபில் ஓதிக்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் நிரம்பிவிட்டால் மக்தப் கூடத்திலும் ஜமாஅத் நிற்கும். அதற்காகக் கூடத்தின் தரையில் ஸஃப் கோடுகள் பச்சை வண்ணத்தில் வரையப்பட்டிருக்கின்றன. அவள் அந்தக் கோடுகளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், சுவரு நேரா இருக்கு. ஸஃப் மட்டும் ஏன் கோணலா இருக்கு?" என்றாள்.

நாம் சொன்ன பதில் இன்றும் நம்மை உறுத்துகிறது. "பெரியவங்க பார்த்துத்தான் போட்டிருக்காங்க. நீ பாடத்தைப் பாரும்மா" என்றோம். அவள் தலையைக் குனிந்து ஓதத் தொடங்கினாள். அதன் பிறகு அவள் அப்படியொரு கேள்வியை நம்மிடம் கேட்கவேயில்லை.

சில மாதங்கள் கழித்து அவளுடைய தாயார் பள்ளிக்கூடத் தேர்வுத்தாளோடு வந்தார். கணக்கில் பிள்ளை பின்தங்குகிறாள், துஆச் செய்யுங்கள் என்றார். தாளை வாங்கிப் பார்த்தோம். சற்றே சாய்த்து வரையப்பட்ட செங்கோணம் ஒன்று இருந்தது. அது செங்கோணம் இல்லை என்று அவள் எழுதியிருந்தாள். கீழே ஒரே அளவுள்ள இரண்டு கோணங்கள். ஒன்றின் புயங்கள் நீளம், மற்றதன் புயங்கள் குட்டை. நீளமான புயங்கள் உள்ளதே பெரிய கோணம் என்று எழுதியிருந்தாள். இரண்டுக்கும் சிவப்பு மையில் குறுக்குக்கோடு.

தரையில் இருந்த சாய்வைக் கண்டுபிடித்த அதே பிள்ளைதான் தாளில் இருந்த சாய்வில் தடுமாறினாள். அவளுடைய கண்ணில் குறையில்லை. அவள் கண்டதற்குப் பெயர் சொல்லி, அதை அளக்கக் கற்றுத்தர வேண்டிய இடத்தில் நாம் இருந்தோம். நாம் அதைச் செய்யவில்லை.

இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குக் கோணத்தை முதலில் வெட்டவெளியில் கற்றுத்தர வேண்டும். தாளும் பாகைமானியும் அதற்குப் பின்னால் வரட்டும். அந்தப் பொறுப்பில் பள்ளிக்கூடத்திற்கு மட்டுமன்றி, முற்றமும் கிப்லாவும் தொழுகை நேரங்களும் உள்ள மதரஸாவுக்கும் பங்கு உண்டு.

திரும்புவதுதான் கோணம்

நம் தமிழில் 'கோணல்' என்றால் குறை. கோணல் புத்தி, கோணல் வகிடு என்கிறோம். அந்தச் சொல்லோடு வளர்ந்த பிள்ளைக்குக் 'கோணம்' என்ற பாடம் வரும்போது, கரும்பலகையில் இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. ஆசிரியர் அதற்கு 60 என்று பெயரிடுகிறார். எது 60? கோடா, புள்ளியா, நடுவிலுள்ள வெற்றிடமா? பிள்ளைக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிவது கோட்டின் நீளம்தான். எனவே நீளமான கோடு பெரிய கோணம் என்று முடிவுசெய்கிறது. இதில் பிள்ளையைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

கோணம் என்பது ஒரு திருப்பத்தின் அளவு. ஒரு திசையை நோக்கி நிற்பவர் இன்னொரு திசைக்குத் திரும்புகிறார். எவ்வளவு திரும்பினார் என்பதே கோணம். முழுவதும் சுற்றி வந்தால் 360 பாகை. பாதி திரும்பினால் 180, கால்வாசி திரும்பினால் 90. உட்கார்ந்த இடத்தில் குனிந்து எழுதும் பிள்ளை எதையும் திருப்புவதில்லை. எழுந்து நின்று, கையை நீட்டி, உடம்போடு திரும்பிய பிள்ளைக்கு அது மறப்பதில்லை. திரும்புவதற்கு இடம் வேண்டும். நாற்பது பிள்ளைகள் நெருங்கி அமர்ந்த வகுப்பறையில் அந்த இடம் இல்லை. முற்றத்தில் இருக்கிறது.

முற்றத்தில் செய்து பார்த்தவை

தேர்வுத்தாளைக் கண்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமைக் காலை வகுப்பின் கடைசி அரைமணி நேரத்தை இதற்கென ஒதுக்கினோம். செலவு ஒரு சணல் கயிற்றுப் பந்தும் சுண்ணக்கட்டிப் பெட்டியும்தான்.

முதல் வாரம் கயிறு. ஒரு பிள்ளை நடுவில் நின்று இரண்டு கயிறுகளின் நுனிகளைப் பிடித்துக்கொள்ள, மற்ற இருவர் ஆளுக்கொரு கயிற்றோடு விலகி நின்றார்கள். நடுவில் கால்வாசித் திருப்பம். பிறகு இருவரையும் அதே திசையில் பின்னோக்கிப் பத்தடி நடக்கச் சொன்னோம். கயிறு நீண்டது. "இப்ப கோணம் பெரிசாயிடுச்சா?" என்று கேட்டோம். பாதிப் பிள்ளைகள் ஆம் என்றார்கள். நடுவில் நின்ற பையன் மட்டும், "இல்லை ஹஜ்ரத், நான் திரும்பவே இல்லையே" என்றான். தாளில் எத்தனை முறை சொன்னாலும் ஏறாத பாடம் அந்த ஒரு சொல்லில் முடிந்தது.

இரண்டாம் வாரம் காகிதம். எந்தக் கிழிந்த காகிதமானாலும் சரி, ஒருமுறை மடித்து, மடித்த விளிம்பு அதன் மேலேயே படியும்படி மறுமுறை மடித்தால் மூலையில் செங்கோணம் கிடைக்கும். ஆளுக்கொன்று செய்துகொண்டு பிள்ளைகள் முற்றமெங்கும் பரவினார்கள். வாசற்படி, ஹவுளின் விளிம்பு, கேட்டின் கம்பி, சுவரில் சாய்த்த ஏணி, தென்னை மட்டையில் கீற்று பிரியும் இடம், வேப்பங்கிளை. காகித மூலைக்குள் அடங்குபவை குறுங்கோணம், அதை மீறுபவை விரிகோணம். காகிதத்தை எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் அதன் மூலை மாறாது என்பதைக் கை கண்டுகொண்டது. சாய்ந்த செங்கோணமும் செங்கோணமே என்று நாம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று ஒரு மாணவன், "எங்க அத்தா இதை மூலமட்டம்னு சொல்வாங்க" என்றான். அவனுடைய தந்தை கொத்தனார். அடுத்த வாரம் அவரையே அழைத்தோம். கூச்சத்தோடு வந்தவர், கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சிட்டு 3, 4, 5 என்று மூன்று பக்கமாக இழுத்துப் பிடிக்கச் சொன்னார். மூன்றும் நான்கும் சந்திக்கும் மூலையில் பிள்ளைகள் தங்கள் காகிதத்தை வைத்துப் பார்த்தார்கள். அச்சாகப் பொருந்தியது. வீட்டுக்கு அடித்தளம் போடும்போது மூலை பிடிப்பது இப்படித்தான் என்றார் அவர். ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் எடுத்துக் காட்டினார். அவருடைய மகன் அன்று முழுவதும் நிமிர்ந்தே நின்றான். ஹலாலான உழைப்பில் எத்தனை கல்வி இருக்கிறது என்பதை நாம் ஒரு மணி நேரம் உரையாற்றிச் சொல்லியிருந்தாலும் அந்தப் பிள்ளைகளுக்கு அவ்வளவு விளங்கியிருக்காது.

நிழல் காட்டிய விடை

ஸஃப் கேள்விக்கு விடை காண மேலும் சில மாதங்கள் ஆயின. அதற்கு ஒரு பழைய முறையைக் கையாண்டோம். சமதரையில் ஒரு வட்டம் வரைந்து, நடுவில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட வேண்டும். காலையில் நிழல் நீளமாக இருக்கும். வெயில் ஏற ஏற அது குறுகி, ஒரு கட்டத்தில் அதன் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும். அந்த இடத்தைக் குறிக்க வேண்டும். நண்பகலுக்குப் பின் நிழல் மறுபுறமாக நீண்டு, நுனி மீண்டும் வட்டத்தைத் தொட்டு வெளியேறும். அதையும் குறிக்க வேண்டும். இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. அரபு நூல்கள் இதனை 'அத்தாயிரத்துல் ஹிந்திய்யா', இந்திய வட்டம் என்றே அழைக்கின்றன. நம் மண்ணின் பெயரைத் தாங்கிய இம்முறையை நம் முன்னோர்களான அறிஞர்கள் திசை அறியவும் லுஹர் நேரம் அறியவும் பயன்படுத்தினார்கள்.

ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில் இதைச் செய்தோம். கொத்தனார் தந்த தூக்குக்குண்டால் குச்சியின் நேர்த்தியைப் பிள்ளைகளே சரிபார்த்தார்கள். காலை பத்து மணியளவில் முதல் புள்ளி. லுஹர் தொழுது, வீட்டில் சாப்பிட்டுத் திரும்பி வந்து, இரண்டு மணி கடந்த பின் இரண்டாம் புள்ளி. கோட்டைப் போட்டதும் ஒரு பையன், "அப்ப இந்தப் பக்கம்தான் கிப்லா" என்று மேற்கு முனையைக் காட்டினான். நாமும் பல ஆண்டுகள் பிள்ளைகளிடம் "மேற்கே திரும்பு" என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம்.

ஆனால் கஅபா நமக்கு நேர் மேற்கில் இல்லை. தமிழகத்திலிருந்து அது மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாகத் திரும்பிய திசையில் இருக்கிறது. சென்னையில் அந்தத் திருப்பம் சுமார் 18 பாகை. திருச்சியில் சுமார் 21. காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 24. நம் ஊர் திருச்சிக்குப் பக்கம். ஆகவே மேற்கை நோக்கி நின்று, வலப்புறமாக 21 பாகை திரும்ப வேண்டும். அட்டையில் வெட்டிய பெரிய பாகைமானியைத் தரையில் வைத்து, அந்தத் திசையில் சணலை இழுத்துக் கட்டினோம். பிறகு கூடத்துக்குள் போய்ச் சுவருக்கும் ஸஃப் கோட்டுக்கும் இடையே பாகைமானியை வைத்தோம். நம் கூடத்தின் சுவர் வடக்குத் தெற்காக நிற்கிறது. ஸஃப் அதிலிருந்து ஏறக்குறைய அதே 21 பாகை விலகியிருந்தது.

பிள்ளைகள் சற்று நேரம் பேசவில்லை. சாய்ந்திருந்தது ஸஃப் இல்லை என்பதும், கட்டடம் தெருவைப் பார்த்து நிற்க ஸஃப் கஅபாவைப் பார்த்து நிற்கிறது என்பதும் அவர்களுக்கு விளங்கிவிட்டது. கேள்வி கேட்ட சிறுமி அதற்குள் மக்தப் படிப்பை முடித்துப் போய்விட்டாள். அவளுடைய தம்பி அந்த வகுப்பில் இருந்தான். மறுநாள் வந்து, "அக்காகிட்டச் சொன்னேன் ஹஜ்ரத். இதைத்தானே நான் அன்னைக்கே கேட்டேன்னு சொன்னாங்க" என்றான். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.

தொழுகை நேரத்துக்குள் இருக்கும் கோணம்

கிப்லா மட்டுமல்ல, தொழுகை நேரங்களும் கோணங்களே. ஜிப்ரீல் (அலை) அவர்கள் நபி (ஸல்) அவர்களுக்குத் தொழுகை நேரங்களைக் கற்றுத் தந்த ஹதீஸில் நிழலின் அளவு பேசப்படுகிறது. திருக்குர்ஆனின் 25ஆம் அத்தியாயம் 45ஆம் வசனம் நிழல் நீள்வதை நம் சிந்தனைக்குக் கொண்டுவருகிறது. இவற்றை நாம் ஓதிக்கொடுக்கிறோம். நிழலை மட்டும் காட்டுவதில்லை.

ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழல் நீங்கலாக அதன் உயரத்திற்குச் சமமாகும்போது ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் நேரம் தொடங்குகிறது. ஹனஃபி மத்ஹபில் அது இரு மடங்காக வேண்டும். சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் குச்சியின் நிழல் அதன் காலடியிலேயே மறைந்துவிடும். அத்தகைய நாளின் மாலையில் நிழல் குச்சியின் உயரத்துக்குச் சமமாகும் கணத்தில், நிழலின் நுனியிலிருந்து குச்சியின் உச்சிக்கு நூல் கட்டிப் பாருங்கள். தரையோடு அது செய்யும் கோணம் 45 பாகை. செங்கோணக் காகிதத்தைப் பாதியாக மடித்தால் சரியாகப் பொருந்தும். நிழல் இரு மடங்காகும்போது அக்கோணம் சுமார் 27 பாகையாகக் குறைந்திருக்கும். இரண்டு மத்ஹபுப் பிள்ளைகளும் ஒரே குச்சியைச் சுற்றி நின்று தத்தம் அஸரை அளந்த காட்சி நம் மனத்தைவிட்டு நீங்காது. "உன் அஸர் தப்பு" என்று இருவர் சண்டையிட்டதை முன்பு நாம் விலக்கிவிட்டிருக்கிறோம்.

இன்னொரு நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இருமுறை சூரியன் கஅபாவின் நேர் மேலே வருகிறது. மே 27 அல்லது 28இல் இந்திய நேரம் பிற்பகல் சுமார் 2.48க்கும், ஜூலை 15 அல்லது 16இல் சுமார் 2.57க்கும் அது நிகழ்கிறது. அந்த நிமிடத்தில் நம் முற்றத்துக் குச்சியின் நிழல் கிப்லாவுக்கு நேர் எதிர்ப்புறம் விழும். நிழலின் நுனியிலிருந்து குச்சியை நோக்கினால் அதுவே கிப்லா. மே மாதம் விடுமுறை. ஜூலையில் வகுப்பு நடக்கும். மேகம் மறைக்காவிட்டால் எந்த மொட்டைமாடியிலும் இதைச் செய்யலாம்.

எழும் ஆட்சேபனைகள்

"ஓதுவதற்குத்தான் அனுப்புகிறோம், கணக்குப் படிக்க அல்ல" என்று பெற்றோர் சிலர் கூறினார்கள். அவர்களுடைய கவலை நியாயமானது. மக்தபுக்குக் கிடைப்பது நாளுக்கு ஒரு மணி நேரம். அதில் தஜ்வீதும் மனனமும் குறைந்துவிடக் கூடாது. நாம் எடுத்துக்கொண்டது வாரத்தில் அரைமணி நேரம்தான். கிப்லாவை அறிவதும் நேரத்தை அறிவதும் மார்க்கக் கல்வியின் பகுதியில்லை என்று எவர் சொல்ல முடியும்? டமாஸ்கஸ் உமய்யாப் பள்ளிவாசலில் நேரம் கணிக்கும் முவக்கித்தாக இருந்த இப்னு ஷாத்திர் 1371இல் அப்பள்ளிக்கு நிழற்கடிகாரம் அமைத்தார். 973இல் பிறந்த அல்பீரூனி, இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனாக் கோட்டையில் நின்று ஒரு மலையின் உயரத்தையும் அடிவானம் தாழும் கோணத்தையும் அளந்து பூமியின் அளவைக் கணக்கிட்டார். மீலாது மேடைகளில் இவர்களைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அவர்கள் வெயிலில் நின்று அளந்தவர்கள் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறோம்.

"வெளியே விட்டால் விளையாட்டாகிவிடும்" என்பது இன்னொரு ஆட்சேபனை. திட்டமில்லாமல் விட்டால் ஆகும்தான். நம் முதல் வாரமே பாதி நேரம் கயிறு இழுக்கும் போட்டியாகத்தான் கழிந்தது. வெளியே போகுமுன் ஒரே ஒரு கேள்வியைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். திரும்பி வந்தபின் கண்டதைக் குறிப்பேட்டில் வரைய வைக்க வேண்டும். முற்றம் மட்டும் போதாது. முற்றத்தில் கண்டதைத் தாளில் வரையும்போதுதான் பாடம் முழுமையாகிறது. வெயில் கடுமையான மாதங்களில் காலையையோ அஸருக்குப் பிந்திய நேரத்தையோ பயன்படுத்தலாம். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, நிழலை மட்டுமே பார்க்க வேண்டும் என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

பெண்பிள்ளைகள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்பிள்ளைகளை முற்றத்துக்கு அனுப்பிவிட்டுப் பெண்பிள்ளைகளைக் கூடத்தில் அமர்த்தும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் அவர்கள். மதரஸாச் சுவருக்குள் இருக்கும் முற்றம்தான் அது. ஸஃப் சாய்ந்திருப்பதை முதலில் கண்டவள் ஒரு சிறுமி என்பதை நாம் மறக்கக் கூடாது.

நம் மனத்திலும் ஒரு தயக்கம் இருந்தது. ருகூஉவில் முதுகும் காலும் செங்கோணம் என்று சொல்லிக் கொடுத்தால் எளிதாக விளங்கும் என்று உதவி ஆசிரியர் கூறினார். தொழுகையின் நிலைகளை அளவெடுக்கும் பொருளாக்க நமக்கு மனம் வரவில்லை. தொழுகையில் நிற்கும் பிள்ளை தன் முதுகின் பாகையை எண்ணிக்கொண்டிருப்பதை நாம் விரும்பவில்லை. அதை விட்டுவிட்டோம். வாசற்படியும் ஏணியும் தாராளமாகப் போதும்.

நாம் வேண்டுவது

மதரஸா நிர்வாகிகளுக்கு: முற்றத்தில் ஒரு சதுரமளவு தரையையாவது வாகனம் நிறுத்தாமல் விட்டுவையுங்கள். முற்றமில்லாத இடங்களில் கைப்பிடிச் சுவருள்ள மொட்டைமாடியைத் திறந்துவிடுங்கள்.

சக உஸ்தாதுகளுக்கு: நமக்குக் கணக்கு வராது என்று ஒதுங்க வேண்டாம். நாம் ஓதிய ஃபிக்ஹு நூல்களில் நிழலும் கிப்லாவும் பாடமாகவே இருக்கின்றன. தெரியாததைக் கொத்தனாரிடமும் பள்ளிக்கூட ஆசிரியரிடமும் கேட்டுக்கொள்வதில் நமக்கு இழுக்கில்லை.

பெற்றோர்களுக்கு: விடுமுறையில் ஒரு நாள் வீட்டு வாசலில் ஒரு குச்சியை நட்டு, பிள்ளையோடு அதன் நிழலைப் பாருங்கள். கைப்பேசியிலுள்ள கிப்லாச் செயலியை அதன் பிறகு திறந்து ஒப்பிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் "பெரியவங்க பார்த்துக்குவாங்க" என்று அடக்கிவிடாதீர்கள். விடை தெரியாவிட்டால், "வா, வெளியே போய்ப் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். நாம் அன்று அப்படிச் சொல்லியிருந்தால், அந்தத் தேர்வுத்தாள் வேறு மாதிரி இருந்திருக்கக் கூடும்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.